மடியிலிருக்கும் குழந்தையின் பெயர்

உமுயி ஆட்களிடம் போய்ப் பழைய படம் இருக்கிறதா என்று கேட்பது, புண்ணின் கட்டை அவிழ்த்துக் காட்டச் சொல்வது போல. அக்குடோ அந்தத் தெருவிலேயே பிறந்தவள் என்பதால்தான் கதவையாவது திறந்தார்கள்.

அமாகு ஊரின் தெற்கு ஓரத்தில், இயியோச்சா ஓடை வளைகிற இடத்தில் இருக்கிறது உமுயி. எந்தக் காலத்திலோ அந்த ஓடைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களின் வம்சம் அது. ஊர் செய்த பாவத்துக்கு ஈடாக ஒருவனையோ ஒருத்தியையோ தெய்வத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்த பிறகு அவர்களைத் தொடமாட்டார்கள், பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள். ஓசு என்று அதற்கு ஒரு வார்த்தை. அந்த வழக்கத்தை ஒழித்துச் சட்டம் வந்து அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. அதிலிருந்து அந்த வார்த்தையை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. நடந்த மாற்றம் அவ்வளவுதான்.

மிஷனரிகள் முதன்முதலில் பள்ளிக்கூடம் திறந்தபோது ஊர்ப் பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பப் பயந்து, போனால் போகட்டும் என்று உமுயிப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டார்கள். அதனால் அமாகுவில் முதலில் எழுத்துக் கற்றவர்களும், முதலில் சட்டை போட்டவர்களும், முதலில் காமிராவுக்கு முன்னால் நின்றவர்களும் அவர்களாகவே ஆனார்கள். ஊரில் வேறெந்த வீட்டிலும் இல்லாத படங்களும் காகிதங்களும் உமுயித் தகரப் பெட்டிகளில் கிடந்தன. மழையும் கரையானும் மிச்சம் வைத்தது பாதி.

அக்குடோ ஒவேரி நகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். பாஸ்போர்ட் படம், லேமினேஷன், பிரிண்ட் எல்லாம் உண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் எல்லாரும் அவள் எந்தத் தெரு என்று தெரிந்ததும் திரும்பிப் போனார்கள். பிறகு அவளே போதும் என்று இருந்துவிட்டாள். ஐம்பது வயதில் அவளைத் தேடி ஒரு போன் வந்தது. உமுயியில் பிறந்து கனடாவில் பேராசிரியராக இருக்கும் இவுவாலா.

"அக்குடோ, ஊர்க்காரங்க ஊர் வரலாறுன்னு புத்தகம் போட்டாங்களே, பாத்தியா? நம்மளப் பத்தி எத்தனை வரி?"

"ஒரு வரிண்ணே. ஓடைக்குத் தெக்கே சில குடிகளும் உண்டுன்னு."

"சில குடிகளாம்! ஆடு மாடு கணக்கு எழுதற மாதிரி எழுதியிருக்கான் பாரு." அவர் குரலில் சிரிப்பு வரவில்லை. "நீ தினம் யார் யாரோட காகிதத்தையோ நகல் எடுக்கற. ஒரு தடவை நம்ம ஆளுங்களை எடும்மா."

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் விழுந்துவிட்டாள். அவருடைய பல்கலைக்கழகம் நல்ல ஸ்கேனர் ஒன்றை அனுப்பியது. ஒரு இணையதளம் வரும், உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்கள். கடையை அடைத்துவிட்டு அக்குடோ அமாகுவுக்கு பஸ் ஏறத் தொடங்கினாள்.

"படத்தை எடுத்துட்டுப் போயி என்னா பண்ணுவ?" என்று கேட்டாள் தையல்காரி ம்க்போரி. "கனடாக்காரன் எங்க வீட்டுல பொண்ணு எடுப்பானா?"

"நாம இருந்தோம்னு தெரிய வேண்டாமா அக்கா?"

"நாம இருக்கோம்ங்கிறதுதாண்டி அவனுங்களுக்குப் பிரச்சினையே."

சொல்லிவிட்டு உள்ளே போய், தன் தாயின் ஞானஸ்நானப் படத்தை எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து வந்தாள். அப்படித்தான் எல்லாரும். திட்டிவிட்டுக் கொடுத்தார்கள், பல்கலைக்கழகம் அனுப்பிய சம்மதத் தாளில் கையெழுத்தும் போட்டார்கள். ஊரின் கிறிஸ்தவக் கோவிலில் பெஞ்சில் உட்கார விடாததால் ஓடைக்கரையில் தாங்களே கட்டிய கோவிலின் படம், சந்தையில் தனி இடம் ஒதுக்கியதை எதிர்த்து எழுதிய மனு, பாடகர் குழுவின் ஒலிநாடா ஒன்று, முதல் தையல் மெஷினோடு நிற்கும் ஒரு குடும்பம். ஒவ்வொன்றையும் துடைத்து, கண்ணாடிமேல் கவிழ்த்து, வெளிச்சம் நகர்ந்து போவதைப் பார்க்கும்போது அக்குடோவுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

எல்லாவற்றிலும் சிறந்தது லாசரஸ் பெரியப்பா வீட்டிலிருந்து வந்தது. எண்பதைத் தாண்டிய மனிதர். தன் அண்ணன் குடும்பத்தின் படத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தார். அண்ணன் பர்னபாஸ் எக்கெலேடோ, மிஷனரிகளுக்குப் பிறகு அமாகுப் பள்ளிக்கூடத்தின் முதல் உள்ளூர்த் தலைமையாசிரியர். படத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு, காமிராவைத் தப்பு செய்த மாணவனைப் போல முறைத்துக்கொண்டிருந்தார்.

"பாரு, எப்பிடி முறைக்கிறான்" என்றார் லாசரஸ். "படம் புடிக்க வந்தவன் வாய்ப்பாடு ஒப்பிச்சுட்டுத்தான் போனானாம்."

தலைமையாசிரியருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பையன்கள், சைலஸும் இம்மானுவேலும். நாற்காலியில் மனைவி. மனைவியின் மடியில் குழந்தை. பயாஃப்ரா தனிநாட்டுச் சண்டையில் தலைமையாசிரியர் குண்டில் போனார்; மனைவியும் பையன்களும் பசியில் போனார்கள். மடியில் இருந்த யூனிஸ் மட்டும் மிஞ்சி, அக்குடோவின் வீட்டில் வளர்ந்தாள். அக்குடோ பிறந்ததும் அவளை முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தது யூனிஸ்தான். பிறகு வெளியூரிலிருந்து வந்த ஒருவன் எல்லாம் தெரிந்தே அவளைக் கட்டிக்கொண்டான். அவனுடைய வீட்டார் அவனைத் தலைமுழுகினார்கள். இரண்டு பேரும் போர்ட் ஹார்கோர்ட்டுக்குப் போய், யாருக்கும் யாரும் இல்லாத ஊரில் குடித்தனம் செய்தார்கள். அவன் இறந்து பல வருஷம். ஒரே மகள் கோசி நர்ஸ்.

படம் கிடைத்த அன்றே அக்குடோ போன் செய்தாள். யூனிஸ் முதலில் கேட்டது இதுதான்.

"அப்பா முறைக்கிறாரா?"

"முறைக்கிறாரு அக்கா."

"போடு. அந்த மனுஷனை நாலு பேரு பாக்கட்டும். ஆனா என் பேரு வேணாம்டி. கோசிக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க எல்லாம் சண்டையில போயிட்டாங்கன்னு சொல்லித்தான் வளத்தேன். அவளுக்கு வரன் வந்திருக்கு."

"போடல அக்கா. சத்தியமா."

சத்தியம் செய்தபோது அவள் பொய் சொல்லவில்லை. படத்துக்குக் கீழே விவரம் எழுத வேண்டிய நாள் வந்தது. பெயர் இல்லாத படம் அநாதைப் பிள்ளை மாதிரி என்று இவுவாலா எல்லாக் கடிதத்திலும் எழுதுவார். ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டே வந்தாள். தலைமையாசிரியர், மனைவி, சைலஸ், இம்மானுவேல். பிறகு, 'மடியில்: பெயர் தெரியாத குழந்தை.' அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். செத்த நான்கு பேருக்கும் பெயர் இருக்கிறது. உயிரோடு இருக்கிற ஒருத்தி பெயர் தெரியாதவள். தன்னை முதுகில் சுமந்தவளை இந்தக் கையால் அப்படி எழுதுவதா என்று இருந்தது. கனடாவில் உட்கார்ந்து யார் படிக்கப் போகிறார்கள், நாலு மாணவர்கள் படிப்பார்கள் என்றும் தோன்றியது. அழித்துவிட்டு எழுதினாள்: 'மடியில்: மகள் யூனிஸ். உமுயியில் பிறந்தவர், இப்போது போர்ட் ஹார்கோர்ட்டில் வசிக்கிறார்.'

இணையதளம் திறந்த அன்று ஓடைக்கரைக் கோவிலில் ஜெனரேட்டர் வைத்து, திரை கட்டிக் காட்டினார்கள். சுவர் அளவுக்குப் பெரிதாக அண்ணன் முகம் வந்ததும் லாசரஸ் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். ம்க்போரி தன் தாயின் படத்துக்கு முன்னால் போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தாள். அக்குடோவை எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். தான் பிறந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது என்று அன்றைக்கு அவள் நினைத்தாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் யூனிஸ் கடைக்கு வந்தாள். கடையில் கூட்டம். அக்குடோ எழுந்து ஓடிவந்ததைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகப் போகும்வரை அசையவில்லை.

"என்னக்கா, கல்யாண வேலையை எல்லாம் விட்டுட்டு..."

"கல்யாணம் இல்ல."

அக்குடோ போய்க் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்தாள்.

"பையனோட அத்தை லாகோஸ்ல கட்டில்ல சாஞ்சுக்கிட்டே விசாரிச்சுட்டாளாம். முன்னல்லாம் விசாரிக்கணும்னா ஊருக்கு ஆளு வருவான். கள்ளு வாங்கிக் குடுப்பான். நாலு பேரைக் கேப்பான். அந்த நாலு பேர்ல ஒருத்தனாவது மனசு எளகி, நல்ல குடும்பம்தான்னு பொய் சொல்லிருவான். உன் கம்ப்யூட்டர் பொய்யே சொல்லலடி, மகராசி."

"அக்கா..."

"பேரு வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"பேரு தெரியாத குழந்தைன்னு எழுத மனசு வரலக்கா."

"மனசு வரல." யூனிஸ் அந்த வார்த்தையை நாக்கில் உருட்டிப் பார்த்தாள். "உன் மனசு என்னா சொல்லுதுன்னு பாத்தியே, என் மக கதி என்னாகும்னு பாத்தியா? அவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது தெரியுமா? நான் சொல்லி இல்ல. அந்தப் பையன் போன்ல அனுப்பியிருக்கான், இது உங்கம்மாவான்னு கேட்டு. ஆஸ்பத்திரி வார்டுல நின்னுக்கிட்டுப் பாத்திருக்கா."

அக்குடோ அழ ஆரம்பித்தாள். யூனிஸ் அழவில்லை.

"நான் வெக்கப்படறேன்னு நெனைக்காத. எங்கப்பனை நெனைச்சு நான் ஒரு நாளும் வெக்கப்பட்டதில்ல. அலுத்துப் போச்சுடி எனக்கு. என்னோட முடியட்டும்னு பாத்தேன்." எழுந்து குடையை எடுத்தாள். "அந்தப் பேரை எடுத்துரு. இனிமே எனக்குப் போன் பண்ணாத."

அன்றே அக்குடோ கனடாவுக்குப் பேசினாள்.

"உடனே எடுக்க முடியாதும்மா" என்றார் இவுவாலா. "அது இப்ப பல்கலைக்கழகத்தோட சொத்து. குழு கூடி முடிவு பண்ணணும்."

"நம்ம படம் எப்பிடிண்ணே அவங்க சொத்தாச்சு?"

"நீதானே எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி அனுப்பின. யோசிச்சுப் பாரு. மறைச்சு வெக்கணும்ங்கிறதுதான் அவனுங்க ஆசை. வெளிச்சம்தான் இதுக்கு மருந்து. கொஞ்சம் எரியத்தான் செய்யும்."

"மருந்து யாரு வாயில ஊத்தறோம்ணே? உங்க பொண்ணைக் கட்டினானே வெள்ளைக்காரன், அவன் வீட்டுலேந்து யாராவது அமாகுவுக்கு விசாரிக்க வந்தாங்களா?"

அவர் லைன் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்றார். பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல லைன் தெளிவாகத்தான் இருந்தது.

குழு கூடியது. விவாதித்தது. வருத்தம் தெரிவித்து நீண்ட கடிதம் எழுதியது. யூனிஸ் பெயரை நீக்கியும்விட்டது. அதற்குள் விஷயம் கைமீறிவிட்டிருந்தது.

கோவில் பாடகர் குழுச் சட்டை போட்ட ஒரு இளைஞன் அக்குடோவின் கடைக்கு வந்து போனை நீட்டினான். "மேடம், இதை ரெண்டு பக்கமும் வர்ற மாதிரி பிரிண்ட் போட்டுத் தர்றீங்களா?" வாட்ஸப்பில் யாரோ சுற்றுக்கு விட்ட கோப்பு. தலைப்பு, 'கள் சுமந்து பெண் கேட்கப் போகும் முன் பார்க்க வேண்டியது.' உள்ளே படம் எதுவும் இல்லை, வெறும் பெயர்கள். அக்குடோ பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். அவள் எழுதிய விவரங்களைப் படங்களிலிருந்து உரித்தெடுத்து, அகர வரிசையில் அடுக்கியிருந்தார்கள். அவள் அப்பா பெயர் இருந்தது. ம்க்போரியும் லாசரஸும் இருந்தார்கள். யூனிஸ் எக்கெலேடோவும் இருந்தாள், போர்ட் ஹார்கோர்ட்டோடு சேர்த்து.

"எதுக்குத் தம்பி இது?"

"தங்கச்சிக்கு வரன் பாக்கறோம். நாங்க அதெல்லாம் பாக்கறவங்க இல்ல மேடம். பெரியவங்க மனசு திருப்திக்கு." நல்ல பையன்தான். சிரித்த முகம். "நீங்க எந்த ஊரு மேடம்?"

"அமாகு."

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண் மட்டும் போனுக்குப் போய் வந்தது. "அமாகுல எந்தப் பக்கம்?"

"மெஷின் ரிப்பேர் தம்பி" என்றாள் அக்குடோ.

மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவனும் பார்த்தான். நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்ப் பிரிண்ட் எடுத்துக்கொண்டான்.

உமுயிக்கும் செய்தி போயிற்று. எங்கெங்கோ தூரத்து நகரங்களில் வாயைத் திறக்காமல் வாழ்ந்த பிள்ளைகளிடமிருந்து ஒவ்வொன்றாகப் போன் வந்தது. ஒருத்தியின் மாமியார் அவள் சமைத்ததைச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஒருவனுக்கு நிச்சயமானது நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஓடைக்கரைக் கோவிலிலேயே கூட்டம் போட்டு அக்குடோவை நிற்கவைத்தார்கள்.

"புண்ணைக் காட்டச் சொன்னா, நாங்களும் காட்டினோம். ஊரைக் கூட்டி உப்பு வெச்சுட்டா" என்றாள் ம்க்போரி. வேறு எவரும் அவ்வளவுகூடப் பேசவில்லை. அக்குடோ சொல்ல வந்ததையும் கேட்கவில்லை. லாசரஸ் தீர்ப்புச் சொன்னார்: இன்றிலிருந்து அவளை யாரும் கும்பிட்டு வரவேற்கக் கூடாது, அவள் கையால் எதுவும் வாங்கக் கூடாது, அவளுக்கு நெருப்பும் தண்ணீரும் கொடுக்கக் கூடாது. சொல்லும்போது அவர் தரையைத்தான் பார்த்தார். தலைமுறை தலைமுறையாக ஊர் அவர்களுக்குச் செய்ததை வார்த்தை பிசகாமல் அவளுக்குச் செய்தார்கள். தண்டிப்பதற்கு அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அக்குடோவின் அண்ணனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை.

கோசி வந்தது ஆடிக்காற்றுப் போல, சொல்லாமல். நெடுநெடுவென்று உயரம். புருவத்தில் தலைமையாசிரியரின் அதே முறைப்பு. "நீங்கதானே அக்குடோ சித்தி?" என்றாள். "எனக்கு எல்லாத்தையும் காட்டுங்க."

அன்று முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்குடோ வாங்கி வைத்த அக்காரா வடையும் கஞ்சியும் ஆறிப்போயின. ஒலிநாடாவில் பாடகர் குழு பாடியதை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"இதுல யாரு உயிரோட இருக்காங்க?"

அக்குடோ ஒவ்வொருவராகக் காட்டினாள்.

"எனக்கு எல்லாரும் செத்துட்டாங்கன்னு சொன்னாங்க" என்றாள் கோசி. "பிறந்தநாளைக்குப் பக்கத்து வீட்டு நாயைக் கூப்பிட்டுக் கேக் வெட்டியிருக்கேன், சித்தி. இங்க இத்தனை பேரு."

"அந்தப் பையன் என்ன சொன்னான்மா?"

"டோபேவா? அழுதான். நல்லாவே அழுதான். அழுது முடிச்சுட்டு அவங்கம்மா காருல ஏறிப் போயிட்டான்."

மொத்தத்தையும் ஒரு டிஸ்க்கில் ஏற்றித் தரச் சொன்னாள். ஏறும்வரை வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள்.

"அம்மா என்கிட்டப் பொய் சொன்னாங்க. நீங்க உலகம் பூரா உண்மையைச் சொன்னீங்க, என் ஒருத்தியைத் தவிர. எனக்கு ஒரு வார்த்தை யாராவது மொதல்ல சொல்லியிருந்தா, நானே டோபேகிட்டச் சொல்லியிருப்பேன். அவன் அப்பவும் ஓடியிருப்பான். ஆனா என் வாயால சொன்னதா இருந்திருக்கும்."

டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கோசி போனாள். கொஞ்ச நாளில் இங்கிலாந்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள் என்று யாரோ சொல்லித் தெரிந்தது.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் பவள விழா கொண்டாடியது அமாகு. பக்கத்து பிளெக்ஸ் கடையில் பேனர் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் அக்குடோ பார்த்தாள். இரண்டு ஆள் உயரத்துக்குத் தலைமையாசிரியர் முறைத்துக்கொண்டு நின்றார். அவள் ஸ்கேன் செய்த படமேதான். ஓரத்திலிருந்த கரையான் அரிப்புக்கூட அப்படியே இருந்தது. மனைவியையும் பையன்களையும் குழந்தையையும் வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். கீழே, 'அமாகுவின் அறிவு விளக்கு, நம் முதல் தலைமையாசிரியர் பி. எக்கெலேடோ.' உமுயி என்ற வார்த்தை எங்கும் இல்லை. விலக்கி வைக்க வேண்டுமென்றால் பெயரை எடுத்துக்கொண்டார்கள். பெருமைப்பட வேண்டுமென்றால் படத்தை எடுத்துக்கொண்டார்கள்.

விழாவுக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. இருந்தும் போனாள்.

பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, கறிச்சோறு வாசனை ஊரைத் தூக்கியது. முன்வரிசையில் லாசரஸ். முதல் வகுப்பில் படித்தவர்களில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். ஊரிலேயே மூத்தவரும் அவர்தான். மேடையில் விருந்தினர் நாற்காலியில் யூனிஸ் உட்கார்ந்திருந்தாள், இடுப்பில் நீலத் துணி கட்டி, தலையில் உருமால் சுற்றி. தலைமையாசிரியரின் மகள் என்று தேடிப் பிடித்து அழைத்திருந்தார்கள். அக்குடோ இருக்கும் பக்கம் அவள் பார்வை வந்தது, நிற்காமல் போனது.

கோலா கொட்டை வந்தது. சபையில் மூத்தவர் வேண்டிக்கொண்டு உடைக்க வேண்டும். பிறகுதான் எதுவும் ஆரம்பிக்கும். தட்டு முன்வரிசையில் நகர்ந்துவந்தபோது லாசரஸ் வலது கையை நீட்டினார். தட்டு அவரைத் தாண்டிப் போனது. கொண்டுவந்தவன் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அங்கே ஒரு காலி நாற்காலி இருப்பது போலத் தாண்டினான். நீட்டிய கையை லாசரஸ் அப்படியே உயர்த்தித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். விழாக் குழுத் தலைவர் சீஃப் ஒபியோமா, லாசரஸின் மகன் வயதுக்காரர், கொட்டையைக் கையிலெடுத்து ஊரின் ஒற்றுமைக்காக நீளமாக வேண்டிக்கொண்டு உடைத்தார்.

பிறகு யூனிஸின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஒரு துணிக்கட்டும் ஒரு சுவர்க்கடிகாரமும் பரிசு. வாங்கிக்கொண்டவர்கள் மரியாதைக்கு நாலு அடி ஆட வேண்டும். யூனிஸ் ஆடினாள். தன் தந்தையின் பெரிய முகத்துக்கு முன்னால், கடிகாரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தாளம் தப்பாமல் ஆடினாள். சனம் கைதட்டியது.

அக்குடோவால் பொறுக்க முடியவில்லை. மேடைப் படியருகே சீஃபைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அந்தப் படத்துல உமுயின்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்."

"தங்கச்சி, நல்ல நாளும் அதுவுமா பிரிவினை பேசலாமா? நாம எல்லாரும் ஒண்ணும்மா."

"அப்ப லாசரஸ் பெரியப்பா ஏன் கோலா உடைக்கல?"

சீஃப் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலச் சிரித்தார். "அவருக்குக் கை நடுங்கும்மா" என்று சொல்லி அவள் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

நெருப்பும் தண்ணீரும் கிடையாது என்ற தீர்ப்பு இன்னும் இருந்ததால் உமுயிப் பெண்கள் பரிமாறிய பக்கத்தில் அவளுக்குச் சோறு இல்லை. ஊர்ப் பெண்கள் பரிமாறிய பக்கத்தில் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், காகிதத் தட்டில். அவள் கேட்கவில்லை.

ஒவேரிக்குப் போக அப்போது ஒரே ஒரு வேன்தான் நின்றது. கடைசி வரிசையில் அக்குடோ இடம் பார்த்து உட்கார்ந்த பிறகு யூனிஸ் ஏறினாள். வேறு இடம் இல்லை. பரிசுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அக்குடோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன் நிரம்பிய பிறகும் டிரைவர் வழியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, குனிந்து நிற்கவைத்தே ஓட்டினான்.

"கோசிக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்" என்றாள் யூனிஸ், ஜன்னலைப் பார்த்தபடி. "இங்கிலாந்துல. அவகூட வேலை பாத்த பொண்ணு ஒருத்தி சொன்னா."

அக்குடோ தலையசைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சின்னப் பொய். முன்பே ஒன்று சொல்லியிருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். ஆனால் வாயில் வந்தது வேறு. "படம் அனுப்பியிருந்தாக்கா."

"காட்டு."

அக்குடோ போனை எடுத்துக் கொடுத்தாள். ஏதோ அலுவலகப் படிக்கட்டு. கோசி குளிர்க்கோட்டுப் போட்டு நின்றாள், கையில் நாலு பூ. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவன். யூனிஸ் இரண்டு விரலால் மகளின் முகத்தைப் பெரிதாக்கினாள். அவனைப் பார்க்க வெகுநேரம் ஆயிற்று.

"எளைச்சிருக்கா" என்றாள். பிறகு, "யாரு இவரு?"

"குவாபெனான்னு பேரு. கானாக்காரர். டாக்டருக்குப் படிக்கிறாராம்."

"வேற என்ன எழுதியிருந்தா?"

"இந்தப் படத்தையும் நம்ம படங்களோட சேக்கச் சொன்னா. உமுயிப் பொண்ணுன்னு போட்டு, முழுப் பேரோட. உங்க பேரும் போடணும்னு எழுதியிருந்தா."

"சேத்துட்டியா?"

"இல்லக்கா. உங்களைக் கேக்காம இனிமே..."

"என் போனுக்கு ஒரு படம் வரலடி" என்று சொல்லி யூனிஸ் போனை அவள் மடியில் வைத்தாள். வைத்த கை ஒரு கணம் அங்கேயே இருந்தது போலிருந்தது. பிறகு எடுத்துக்கொண்டாள். "டிரைவர், இங்க எறங்கணும்" என்று குரல் கொடுத்தாள். எந்த நிறுத்தமும் இல்லாத இடம். ஒவேரி இன்னும் வெகுதூரம். டிரைவர் முணுமுணுத்தபடி நிறுத்தினான். துணிக்கட்டையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, நிற்கிறவர்களின் கால்களைத் தாண்டித் தாண்டி அவள் இறங்கினாள். சாலை ஓரத்தில் மரவள்ளிக் காட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

வேன் கிளம்பியதும், அதுவரை குனிந்து நின்றுகொண்டிருந்த ஒரு ஆள் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தார். கோழிக்கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றார் அக்குடோவிடம்.